ஞாயிற்றுக்கிழமை விடுமுறை

“ஞாயித்துக்கிழமை காலையில ரெண்டு பேரும் நேர்ல போயி எழுதிக் குடுத்துருவோம். நான் வர்ற வரைக்கும் நீயா எதையும் போட்டுறாத, பாப்பா” என்று அப்பா தம்மாமிலிருந்து போனில் சொன்னார். நான் சரி என்றேன். அந்த ஒரு சொல் இன்னும் எனக்குச் செரிக்கவில்லை.

அப்பாவுக்குச் சவூதியில், தம்மாமில் ஆலை வேலை. அம்மா ஷார்ஜாவில் பள்ளி ஆசிரியை. அம்மாவின் விசாவில் நான் ஷார்ஜாவின் ரோலா பகுதியிலேயே வளர்ந்தேன். நீட் தேர்வில் வாங்கிய மதிப்பெண்ணை வெளியே சொல்ல முடியாது. மிச்சமிருந்தது ஒரே வழி. துபாயில் நான்கு வருடம் ஏதாவது ஒரு பட்டப்படிப்பு, அதன்பிறகு பட்டதாரிகளைச் சேர்த்துக்கொள்ளும் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பம். துபாய் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது. எந்தப் பாடம் என்று எழுதி, பெற்றோரில் ஒருவர் கையெழுத்தோடு பத்து நாளுக்குள் அலுவலகத்தில் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி.

அந்த எந்தப் பாடம் என்பதுதான் வீட்டைப் போட்டு ஆட்டியது. அப்பாவுக்கு பயோமெடிக்கல் சயின்ஸ். பெயரிலேயே மெடிக்கல் இருக்கிறதாம், அதற்கு மேல் என்ன வேண்டுமாம். எனக்குப் புள்ளியியல். மருத்துவக் கல்லூரிகள் கேட்கும் உயிரியலையும் வேதியியலையும் அதோடு சேர்த்தே படித்துக்கொள்ளலாம். நாளைக்கு மருத்துவம் கிடைக்காமல் போனாலும் ஒரு வேலைக்குப் போகலாம். இதை அப்பாவிடம் மூன்று முறை சொன்னேன். மூன்றாவது முறை, கருநாக்கு வைத்துப் பேசாதே என்று போனை வைத்துவிட்டார்.

இனி கிழமை விவகாரம். அப்பா ஷார்ஜாவில் இருந்த காலத்தில் இங்கேயும் வெள்ளி, சனிதான் விடுமுறை. அவர் சவூதிக்குப் போனபிறகு இங்கே மாற்றிவிட்டார்கள். ஷார்ஜாவில் இப்போது வெள்ளி, சனி, ஞாயிறு மூன்றும் விடுமுறை. துபாயில் வெள்ளி அரைநாள், சனியும் ஞாயிறும் விடுமுறை. சவூதியில் ஞாயிறு இன்னும் வேலைநாள்தான். அப்பா விரல்விட்டு எண்ணி, பத்தாவது நாள் ஞாயிறு என்று சனிக்கிழமைக்கு டிக்கெட் போட்டிருந்தார். ஞாயிறு அலுவலகம் பூட்டியிருக்கும், வெள்ளி பகல் பன்னிரண்டோடு எல்லாம் முடிந்தது என்று எனக்குத் தெரியும். அப்பாவின் ஆலையை நிறுத்திப் பராமரிக்கும் ஷட்டவுன் நடப்பதால் அந்த வெள்ளியும் அவருக்கு டூட்டி, போனை ஆலை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அதுவும் தெரியும். திட்டம் போட்டேன் என்று சொல்ல மாட்டேன். வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை காலையில், இன்றுதான் கடைசி என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா பதறிப்போய், அப்பாவைக் கூப்பிடு என்றாள். கூப்பிட்டேன். போன் அணைக்கப்பட்டிருப்பதாக அரபியிலும் ஆங்கிலத்திலும் பதில் வந்தது. அம்மாவும் கேட்கட்டும் என்று இரண்டாவது முறை ஸ்பீக்கரில் போட்டேன்.

ரோலாவில் பஸ் பிடித்தோம். துபாய் எல்லைக்கு முன்பே வண்டிகள் நின்றுவிட்டன. பதினொன்றே கால். பதினொன்றரை. அம்மா கைப்பையிலிருந்த பேனாவை எடுத்து அதன் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். பஸ் நகர வேண்டும் என்றும் நகரவே கூடாது என்றும் ஒரே நேரத்தில் நினைத்தேன்.

அலுவலகத்துக்குள் நுழைந்தபோது பன்னிரண்டுக்கு எட்டு நிமிடம். கவுன்ட்டரில் இருந்த பெண் யல்லா, யல்லா என்று அவசரப்படுத்திப் படிவத்தை நீட்டினாள். நான் எழுதி முடித்து அம்மா பக்கம் நகர்த்தினேன்.

“அப்பா சொன்னதத்தான போட்டுருக்க?”

“கையெழுத்துப் போடும்மா. நேரமில்ல.”

அம்மா போட்டாள். படிக்கவில்லை. இருபது வருடமாக ஒரு வரி விடாமல் விடைத்தாள் திருத்துகிறவள், என்னை நம்பிப் படிக்காமல் போட்டாள். அதில் புள்ளியியல் என்று எழுதியிருந்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் அப்பா வந்தார். ஷூவைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்து, நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பலாம் என்று கேட்டார். சொன்னேன். எல்லாவற்றையும் இல்லை. நாளைக்கு விடுமுறை, நேற்றே கடைசி, உங்கள் போன் கிடைக்கவில்லை, புள்ளியியல் போட்டுவிட்டேன், இவ்வளவுதான். கத்துவார் என்று எதிர்பார்த்து, அதற்கான பதில்களை வரிசையாகத் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் தன் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“சே, இங்க ஞாயித்துக்கிழமை லீவாச்சே. எனக்கு எப்படி மறந்துச்சு? பிள்ளையத் தனியா நிக்க விட்டுட்டேனே.”

தயாராக வைத்திருந்த பதில்களில் ஒன்றுகூட அதற்குப் பொருந்தவில்லை.

இப்போது எனக்கு இரண்டாம் வருடம். புள்ளியியல் நன்றாகவே வருகிறது, கூட உயிரியலும். எடுத்த முடிவு தவறு என்று இன்றும் நினைக்கவில்லை. ஆனால் யார் கேட்டாலும் அப்பா அதே கதையைச் சொல்கிறார். தன்னுடைய முட்டாள்தனமாம், கிழமை தெரியாமல் பிள்ளையைத் தவிக்க விட்டுவிட்டாராம். கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசுகிறது.

போன வாரம் காலையில் வீடியோ காலில் பேசும்போது, அப்பாவின் ரூம் சுவரில் புது காலண்டர் தெரிந்தது. ஞாயிறு அத்தனையையும் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருந்தார். எதற்கு என்று கேட்டேன்.

“உங்க ஊரு லீவு. மெடிக்கலுக்கு நீ அப்ளிகேஷன் போடுறப்ப நான் மறுபடி கோட்டை விட்டுறக் கூடாதுல்ல.”

“அப்பா, அன்னைக்கு எனக்கு…” என்று ஆரம்பித்தேன். டூட்டி பஸ் வந்துவிட்டது, சாயங்காலம் பேசுவோம் என்று அவர் வைத்துவிட்டார்.

சாயங்காலம் சொன்னபடியே கூப்பிட்டார். போன் மேசைமேல் அடித்து ஓயும்வரை அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.