கேரட்டுக்கு மண் பூசியவள்

பிறந்தாள், வளர்ந்தாள், பதினெட்டு வயதில் ஒன்றரை ஏக்கர் தோட்டத்தையும் அதோடு சேர்த்து ஒரு புருஷனையும் பெற்றாள் என்பதுவரை அவளுடைய வாழ்க்கையில் எழுதிவைக்க ஒன்றுமில்லை. நாற்பத்தாறாம் வயதில்தான் அவளுக்கு ஒரு பதவி வந்தது. வேலைக்கு எடுத்த தாளில் ‘இறுதித் தோற்ற உதவியாளர், காய்கறிப் பிரிவு’ என்று அச்சடித்திருந்தார்கள். கடைக்குள் எல்லோருக்கும் அவள் மண்ணக்கா. வேலை இன்னதென்று மூன்றே சொல்லில் சொல்லிவிடலாம்: கேரட்டுக்கு மண் பூசுவது.

இதில் சிரிக்க ஒன்றுமில்லை. அந்த வருஷம் ஊரில் நல்லவர்கள் பெருகிப் போயிருந்தார்கள். பக்கத்து வயலில் விளைந்ததை மட்டுமே சாப்பிடுவது என்று தீர்மானம் போட்டுக்கொண்டு, துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, காரில் ஏறிக் கடைக்கு வந்தார்கள். வந்தவர்கள் கேரட்டைப் பார்த்து முகம் சுளித்தார்கள். அந்தக் கேரட் இரண்டு எல்லை தாண்டி, குளிர் லாரியில் நான்கு நாள் படுத்த படுக்கையாக வந்து சேர்ந்தது. இயந்திரத்தில் குளித்து, வெயில் என்றால் என்னவென்றே தெரியாத பணக்கார வீட்டுப் பிள்ளை மாதிரி வழவழவென்று இருந்தது. தொட்டுப் பார்த்தார்கள், பெருமூச்சு விட்டார்கள், வாங்காமல் போனார்கள்.

மேனேஜருக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. பக்கத்து வயல்காரர்களிடமே வாங்கினால் என்ன என்ற எண்ணம் அவருக்கும் வரத்தான் செய்தது. ஆனால் அவர் அனுபவசாலி. எண்ணத்தை வந்த வழியே திருப்பி அனுப்பிவிட்டார். வயல்காரன் ஒரு வாரம் மழை பெய்தது என்பான், மறு வாரம் பெய்யவில்லை என்பான். லாரி இந்த மாதிரியெல்லாம் பேசாது. மூன்றாம் நாள் காலை பல் துலக்கும்போது அவருக்கு உண்மை உறைத்தது. கேரட்டில் ஒரு குறையும் இல்லை, மண்தான் இல்லை.

மண் பூசும் வேலைக்கு முதலில் வந்தவன் படம் வரையத் தெரிந்தவன். கேரட்டை அவன் சுவர் மாதிரி நினைத்துப் பூசினான். இரண்டு வாரத்தில் அவனை அனுப்பிவிட்டு அவளை எடுத்தார்கள். இருபத்தெட்டு வருஷம் மண்ணிலிருந்து கேரட்டைப் பிடுங்கியவளுக்கு, கேரட்டில் மண்ணை வைக்க எவ்வளவு நேரம் ஆகும்? கடையின் பின்கட்டில், ஜன்னல் இல்லாத குளிர் அறையில், எவர்சில்வர் மேஜைக்கு முன்னால் நின்றாள். தண்ணீர் அடிக்கும் குப்பி, சல்லடை, பெயிண்ட் பிரஷ், ஒரு பழைய ஸ்பாஞ்ச். கேரட்டின் தோளில் ஒரு தீற்றல். உடம்பில் வரி வரியாக இருக்கும் பள்ளங்களில் மட்டும் ஒரு சுற்று. நுனியில் கை படக்கூடாது, நுனி மண் பிடுங்கும்போதே உதிர்ந்துவிடும். பீட்ரூட்டுக்குக் கொஞ்சம் தாராளமாக. உருளைக்கிழங்குக்குக் கண்ணில் மை வைக்கிற மாதிரி கண்ணுக்குக் கண். மேஜையின் மறுமுனையில் ‘பக்கத்து வயல்’ என்று ஸ்டிக்கர் ஒட்டும் பெண் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“அக்கா, நீ பூசினதை நானே ரெண்டு கிலோ வீட்டுக்கு வாங்கிட்டுப் போய்ட்டேன். வீட்டுல வச்சுக் கழுவும்போதுதான் ஞாபகம் வருது, அட நாம ஒட்டின ஸ்டிக்கராச்சேன்னு.”

மண் மட்டும் சரியில்லை. செடி விற்கும் கடையிலிருந்து மூட்டையில் வாங்கிய மண் அது. வெள்ளை வெள்ளையாக மணி கிடக்கும், மருந்து வாடை அடிக்கும். ஒரு அம்மாள் கேரட்டோடு ஒரு மணியையும் கடித்துவிட்டுச் சண்டைக்கு வந்தாள். மறுநாள் மண்ணக்கா தன் தோட்டத்து மண்ணைச் சாப்பாட்டு டப்பாவில் போட்டுக் கொண்டுவந்தாள். யாரிடமும் கேட்கவில்லை, வேலையில் அவளுக்கு அப்படி ஒரு ரோஷம். அன்றிலிருந்து வாங்க வந்தவர்கள் கேரட்டை மூக்குக்குக் கொண்டுபோய்க் கண்ணை மூட ஆரம்பித்தார்கள். சிலர் கண்ணைத் திறக்க வெகுநேரம் ஆனது. கேரட் மதியத்துக்குள் தீர்ந்தது.

புருஷனிடம், காய்கறிப் பிரிவில் வேலை என்று மட்டும் சொல்லியிருந்தாள். பொய் இல்லை. டப்பாவில் மண் எதற்கு என்று அவர் கேட்டபோது, கடையில் பூந்தொட்டி வைத்திருக்கிறார்கள் என்றாள். அது பொய்.

தோட்டத்துக்காரரான அவருடைய நிலைமை அப்போது இப்படி இருந்தது: வழக்கமாக வரும் வியாபாரி வருவதை நிறுத்திவிட்டார். போன போகத்துக் கேரட்டைப் பக்கத்து வீட்டு மாடு தின்றது, பிறகு மாடும் வேண்டாமென்றது. மனை போட்டு விற்கும் ஆள் ஒருவர் பதினைந்து நாளைக்கு ஒரு தரம் மோட்டார் சைக்கிளில் வந்து, கிணற்றோரம் நின்று, ஒன்றும் பேசாமல் நான்கு மூலையையும் பார்த்துவிட்டுப் போவார். நோயாளி எப்போது போவார் என்று உறவுக்காரர் வந்து பார்ப்பது போல.

“இந்த ஒரு வெள்ளாமை விலை போச்சுன்னா இருப்போம். இல்லைன்னா கையெழுத்துப் போட்டுட வேண்டியதுதான். என்னால முடியல” என்று புருஷன் சொன்னார். அவர் அதிகம் பேசுகிறவர் அல்ல. அதனால் அவளுக்கு அது சுருக்கென்று தைத்தது.

மறுநாள் அவள் மேனேஜர் முன்னால் போய் நின்றாள்.

“சார், எங்க வீட்டுக்காரரும் கேரட்தான் சார் போட்டிருக்காரு.”

“எங்க?”

“இங்கதான் சார். பஸ்ஸுல அரை மணி நேரம்.”

“அவ்வளவு பக்கத்துலயா?” என்றார் மேனேஜர், கெட்ட செய்தி கேட்டவர் போல.

“நம்ம போர்டுலயே பக்கத்து வயல்னுதானே சார் போட்டிருக்கு.”

“சோப்பு அட்டையில ரோஜாப்பூகூடத்தான் போட்டிருக்கு அக்கா. அதுக்காக?”

அவள் நகரவில்லை. மேனேஜருக்கு வேறொரு தொல்லையும் இருந்தது. பெயருக்காவது ஒரு நிஜ விவசாயியைக் காட்டும்படி மேலிடத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். “சரி, வெள்ளிக்கிழமை காலையில கொண்டுவரச் சொல்லுங்க. பாக்கலாம்” என்றார்.

வியாழக்கிழமை அவள் வேலை முடிந்து வீட்டுக்குப் போனபோது கேரட் ஒரு மூட்டைக்குப் பிடுங்கியாகிவிட்டது. தண்ணீர்த் தொட்டியோரம் சாக்கை விரித்து அதன்மேல் புருஷன் பரப்பியிருந்தார். மூன்று தண்ணீர் விட்டு, பழந்துணியால் தேய்த்து, ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்திருந்தார். குளிர் லாரிக் கேரட் அதன் பக்கத்தில் நிற்க வெட்கப்படும்.

“ஏங்க, இவ்வளவு கழுவணுமா?”

“பின்ன? பெரிய கடை. மண்ணோட கொண்டுபோனா நாளைக்கு உன்னைத்தான் பேசுவாங்க. புருஷன் சுத்த காட்டான்னு.”

“கொஞ்சம் மண்ணு இருந்தா நல்லதுங்க. பிடிக்கும் அவங்களுக்கு.”

“மண்ணு யாருக்காவது பிடிக்குமா? உனக்கு விவரம் பத்தாது, போ” என்று அவர் இன்னொரு கேரட்டை எடுத்துத் துடைத்தார். ஏன் பிடிக்கும் என்பது அவளுக்கு வாய்வரை வந்தது. சொன்னால் பூந்தொட்டியிலிருந்து தொடங்க வேண்டும். வாயை மூடிக்கொண்டாள். அவரோ மூட்டையைக் கட்டிவிட்டுச் சட்டையை இஸ்திரி போட்டார்.

வெள்ளிக்கிழமை பின்கதவு வழியாக வந்தவரை மேனேஜர் மேலும் கீழும் பார்த்தார். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை, வெட்டிய நகம்.

“நீங்க விவசாயியா?”

“ஆமாங்க.”

“பாத்தா தெரியலையே.”

“குளிச்சுட்டு வந்தேங்க” என்று அவர் மன்னிப்புக் கேட்கும் குரலில் சொன்னார்.

மேனேஜர் நியாயமான மனிதர். தானாக ஒன்றும் முடிவு செய்யமாட்டார். இரண்டு கூடை கொண்டுவரச் செய்தார். ஒன்றில் லாரிக் கேரட், அவள் காலையில் மண் பூசியது. மற்றதில் அவள் புருஷனுடையது. கடைக்குள்ளிருந்து துணிப்பையோடு ஒரு அம்மாளையும், ஓட்டப்பயிற்சி ஷூவோடு ஒரு கண்ணாடிக்காரரையும் கூப்பிட்டு, இதில் எது பக்கத்து வயல் என்று கேட்டார்.

கண்ணாடிக்காரர் யோசிக்கக்கூட இல்லை. “இதுதான். பாத்தாலே தெரியுதே” என்று மண் பூசியதைக் காட்டினார். அந்த அம்மாள் ஒன்றை எடுத்து முகர்ந்து, “இது நம்ம மண்ணு” என்றாள், குரல் தழுதழுத்தது. பிறகு பக்கத்துக் கூடையில் விரலால் ஒன்றைப் புரட்டினாள். “இது எந்த ஃபேக்டரி? மெழுகு போட்டிருப்பாங்க. பாவம், இதையும் வாங்கிச் சாப்பிடறாங்க ஜனங்க.”

“அது என்னோடதுங்க” என்றார் தோட்டத்துக்காரர்.

“அப்படியா?” அந்த அம்மாள் அவருடைய சட்டையைப் பார்த்தாள். “நீங்க எந்தக் கம்பெனி?”

அவர்கள் போனபின் அவர் மண் பூசிய கேரட் ஒன்றைக் கையில் எடுத்தார். தோளில் இருந்த தீற்றலைக் கட்டைவிரலால் தேய்த்தார். கறுப்பில் சின்னச் சின்னதாகச் செங்கல் சிவப்பு. அவர் தோட்டத்தில், எப்போதோ கிணற்றோரம் சூளை போட்ட மூலையில் மட்டும் அப்படி இருக்கும். அந்த மூலையை அவருக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். நிமிர்ந்து பெண்டாட்டியைப் பார்த்தார். அவள் தரையில் தண்ணீர் போகும் ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்டிக்கர் ஒட்டும் பெண் ஒரே கேரட்டில் மூன்று ஸ்டிக்கர் ஒட்டினாள்.

“சார், நான் இதுக்கும் பூசிடறேன் சார். அரை மணி நேரத்துல முடிச்சுடுவேன்” என்றாள் மண்ணக்கா.

“பூசினா அப்புறம் இதுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்? அதான் நம்மகிட்டயே இருக்கே.” மேனேஜர் சொன்னதில் யாரும் ஒரு ஓட்டை கண்டுபிடிக்க முடியாது. திரும்பப் போனவர் நின்றார். “ஆமா, அந்தம்மா அப்படி முகர்ந்துச்சே. நாம மூட்டையில வாங்கற மண்ணா அது?”

“இல்ல சார்.”

“பின்ன?”

“எங்க தோட்டத்து மண்ணு” என்றார் புருஷன்.

மேனேஜர் அன்றைக்கு முதல் தடவையாக அவருக்குக் கை கொடுத்தார். “ஏங்க, இதை மொதல்லயே சொல்லக்கூடாதா? வாரம் எத்தனை மூட்டை தருவீங்க?”

“கேரட்டா?”

“அட, மண்ணுங்க.” பிறகு, மனசு கேட்காமல், “கேரட்டை வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. உடம்புக்கு நல்லது” என்றார்.

பஸ் நிறுத்தம்வரை அவள் மூட்டையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு கூட வந்தாள். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“நல்லாப் பூசற. எங்க கத்துக்கிட்ட?”

பாராட்டா வசையா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் முகத்திலும் எழுதியிருக்கவில்லை.

வீட்டில் இரண்டு நாள் கேரட் குழம்பு. மூன்றாம் நாள் அவர் மண்வெட்டியை எடுத்தார். நிலத்தை விற்கவில்லை, கையெழுத்துப் போடவில்லை, மேல்மண்ணைத்தானே கொடுக்கிறோம், அள்ள அள்ள வராதா என்ன என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவளும் அதையே சொன்னாள். புருஷனும் பெண்டாட்டியும் இவ்வளவு ஒற்றுமையாக அதற்கு முன் எதிலும் இருந்ததில்லை.

கடை அவரை மதித்தது. மூட்டையைத் தோளில் வைத்தபடி ஒரு படம் எடுத்து, ஆளுயரத்தில் வாசலில் மாட்டினார்கள். கீழே ‘நம் விவசாயி’. அந்தப் படத்துக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டவர்களில், மூட்டைக்குள் என்ன என்று கேட்டவர் ஒருவரும் இல்லை. கடையின் மற்ற கிளைகளும் மண் கேட்டன. முதலில் சூளை மூலை போயிற்று, பிறகு நடுத்தோட்டம். அவர் விதைப்பதை நிறுத்தினார்.

“வேர் விட்டா மண்ணைக் கவ்விக்குது. சல்லடையில இறங்க மாட்டேங்குது” என்று பக்கத்து நிலத்துக்காரரிடம் ஒரு தொழில்காரரின் பொறுப்போடு விளக்கினார்.

மனை போடும் ஆள் வந்து முழங்கால் ஆழத்துக்கு இறங்கிப்போன நிலத்தைப் பார்த்தார். “நீச்சல் குளமா அண்ணே?” என்றார். மழை நாளில் உண்மையாகவே அப்படித்தான் இருந்தது. அதற்குப் பிறகு அந்த மோட்டார் சைக்கிள் அந்தப் பக்கம் வரவில்லை.

ஒன்பதாம் மாதம் கறுப்பு மண் தீர்ந்து அடியிலிருந்து மஞ்சள் களி வந்தது. கடையில் முணுமுணுப்பு கிளம்பியது. இது நம்ம மண்ணு மாதிரி இல்லையே என்று துணிப்பை அம்மாளே வந்து சொன்னாள். மேனேஜர் மண்ணக்காவைக் கூப்பிட்டு, “இனிமே வர்ற மண்ணை நீங்களே பாத்து எடுங்க அக்கா. நீங்க வேணாம்னா வேணாம்” என்று தர மேற்பார்வையாளராக உயர்த்தினார். கழுத்தில் தொங்கவிட அட்டை கொடுத்தார். அவளுக்கு ஒரு வேலையை அரைகுறையாகச் செய்யத் தெரியாது. அது அவளுடைய சாபம்.

அடுத்த வெள்ளிக்கிழமை பின்கதவில் இரண்டு மூட்டை நின்றன. ஒன்று பக்கத்து நிலத்துக்காரருடையது. மண்ணுக்கு மவுசு என்று அவருக்கும் தெரிந்துவிட்டது. மற்றது அவள் புருஷனுடையது. அவர் மூட்டைக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றார். சட்டையில் களி அப்பியிருந்தது. இப்போது பார்த்தால் யாரும் விவசாயி என்று சொல்லிவிடுவார்கள்.

அவள் பக்கத்து நிலத்துக்காரர் மண்ணை எடுத்தாள், முகர்ந்தாள், தலையாட்டினாள். அந்த மூட்டையை உள்ளே தூக்கிப் போனார்கள். பிறகு புருஷனுடைய மூட்டையில் கையை விட்டாள். தண்ணீர் அடித்து ஒரு கேரட்டில் பூசிப் பார்த்தாள். காய்ந்ததும் ஓடு ஓடாக உதிர்ந்தது. இன்னொரு கேரட்டில் பூசினாள். அதுவும் உதிர்ந்தது. மூன்றாவதாக ஒன்றை எடுத்து, வெகுநேரம் மெதுவாகப் பூசினாள். ஸ்டிக்கர் ஒட்டும் பெண் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“ஒட்டலைங்க” என்றாள் அவள்.

“அடுத்த வாரம் வேற மூலையில எடுத்துட்டு வரட்டுமா?”

“எல்லா மூலையும் பாத்தாச்சுங்க. இனிமே அங்க கல்லுதான்.”

அவர் தலையாட்டினார். அவள் கழுத்து அட்டையை ஒரு தடவை படித்தார், எழுத்துக் கூட்டிப் படிப்பவர் போல. பிறகு சொன்னார்:

“சாக்கை மட்டும் திருப்பிக் குடுத்துடுறீங்களா, மேடம்?”

இருபத்தெட்டு வருஷத்தில் அவர் அவளை ‘நீங்க’ என்று சொன்னதில்லை. குரலில் கேலி இருக்கிறதா என்று அவள் தேடினாள். இல்லை. கடைக்காரர்களிடம் எப்படிப் பேசவேண்டுமோ அப்படித்தான் பேசினார்.

அவள் மூட்டையைக் குப்பைத்தொட்டியோரம் கவிழ்த்து, சாக்கை இரண்டு தரம் உதறி, நான்காக மடித்துக் கொடுத்தாள். அவர் அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். அவள் கையைக் கழுவிவிட்டு உள்ளே வந்தாள். பக்கத்து நிலத்துக்காரருடைய மண் சல்லடையில் தயாராக இருந்தது. லாரி வந்து நின்றது.