1974 முதல் இங்கேயே

ராய்ஸுக்குத் தன் அக்கா புருஷன் ஆல்சீட் மேல் பல வருஷமாக ஒரு மனத்தாங்கல். வாசல் தேடி வந்த வேலையை அந்த மனுஷர் கேள்வி கேட்டே விரட்டிவிடுவார். பெயர்ப்பலகை எழுதுகிறவனுக்கு எதற்குக் கேள்வி? என்ன எழுத்து, என்ன நிறம், எத்தனை அடி. அத்தோடு முடிந்தது. ஆல்சீட் அங்கே நிற்க மாட்டார். "உங்க ஆளுங்க யாரு? உங்கம்மா எந்த ஊர்ப் பக்கம்? போன புயலுக்கு எங்க இருந்தீங்க?" என்று ஆரம்பித்தாரானால் கையிலிருக்கும் காபி ஆறிப்போகும். வந்தவர்களில் பாதிப் பேர் நேரமாகிறது என்று அடுத்த பலகைக்காரனிடம் போய்விடுவார்கள்.

இருவரும் லூசியானாவில் ஆபிவில் ஊர்க்காரர்கள். ஆல்சீட் டூகா இளவயதில் இறால் படகுகளின் பின்பக்கத்தில் பெயர் எழுதித் தொழில் பழகியவர். பிறகு மெஷின் வாங்கினார். பெரிய உடம்பு, ஒரு முட்டி சரியில்லை, சோறு என்றால் உயிர். எங்காவது புயல் கரை கடந்து, சாலையில் விழுந்த மரங்களை அறுத்து ஒதுக்கியதும் வண்டிக்குப் பின்னால் டிரெய்லரை மாட்டிக்கொண்டு மச்சினனோடு கிளம்பிவிடுவார். டிரெய்லருக்குள் ஜெனரேட்டர், கம்ப்யூட்டர், எழுத்து வெட்டும் மெஷின், ஒட்டுத்தாள் சுருள்கள், ஏணி எல்லாம் இருக்கும். புயலடித்த ஊரில் ஒரு பலகையும் மிஞ்சாது. கடை திறந்திருக்கிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. 'திறந்திருக்கிறது' என்ற ஒரு வார்த்தையை எழுதியே இரண்டு வாரம் ஓட்டிவிடலாம்.

அந்த வருஷம் லூசியானாவிலேயே பாயூ லாகூர் என்ற கடலோர ஊருக்குப் போயிருந்தார்கள். வீட்டுக்கு வீடு கெட்டுப்போன ஃபிரிட்ஜைக் கதவோடு டேப் சுற்றித் தெருவோரம் நிறுத்தியிருந்தார்கள். மிஸ் எர்லின் என்ற விதவை நடத்திய சாப்பாட்டுக்கடைக்குப் பாதிக் கூரை இல்லை. மேலே நீலத் தார்ப்பாயைக் கட்டிவிட்டு, வண்டி நிறுத்தும் இடத்தில் காஸ் அடுப்பை வைத்து அந்த அம்மாள் சமைத்துக்கொண்டிருந்தாள். டிரெய்லரை நிறுத்த ஓரமாக இடமும் கொடுத்தாள். அதற்குப் பதிலாக ராய்ஸ் அவளுக்கு ஒரு பலகை எழுதினான்.

"என் பேரை இன்னும் பெருசா போடு, கண்ணு. ஹெலிகாப்டர்ல போறவனும் பசிச்சா இறங்கட்டும்."

"இதுக்கு மேல பெருசாக்கினா பலகையை ரெண்டு ஊருக்குப் பிரிச்சு வெக்கணும், மிஸ் எர்லின்."

அவள் அன்றைக்கு நல்ல சந்தோஷத்தில் இருந்தாள். இன்ஷூரன்ஸ் பணம் வந்துவிட்டது. கூரை போட ஆளும் கிடைத்துவிட்டான். "வாய்க்கு வாய் மேடம் மேடம்ங்கறான். இன்னைக்கு மத்தியானம் மொத்தப் பணத்தையும் குடுத்துட்டா திங்கக்கிழமை கூரையில ஏறிடுவானாம். இது போனா எனக்கு வேற காசு கிடையாது. ஆனா கூரை இல்லாம எத்தனை நாளைக்குக் கடை நடத்தறது?"

காலையில் ஆல்சீட் எதிர்ப்புறப் பெட்ரோல் பங்கில் ஏணிமேல் இருந்தார். அப்போது வெள்ளை வண்டியில் ஒருவன் வந்து இறங்கினான். ஊரே சேற்றில் கிடக்க, அவனுடைய பூட்ஸில் மட்டும் ஒரு பொட்டுச் சேறு இல்லை.

"என்னைத் தெரியலையா பிரதர்? ஃப்ளோரிடாப் புயலப்போ என் வண்டிக் கதவுகளுக்குக் காந்தத் தகடு பண்ணிக் குடுத்தீங்களே. கூரை வேலைக்காரன்."

ராய்ஸுக்குத் தலைகால் புரியவில்லை. புயல் தொழிலில் ஒருமுறை வந்த ஆள் மறுமுறை வருவது அபூர்வம். அதிலும் காந்தத் தகடு நல்ல வரும்படி. கதவில் ஒட்டலாம், வேண்டாத நேரம் உரித்து வைக்கலாம்.

"அதே மாதிரி வேணும். எழுத்துல ஒண்ணும் மாத்தாதீங்க. ஃப்ளோரிடா ஆரஞ்சுப் பழத்தை எடுத்துட்டு உங்க லூசியானா பெலிக்கன் பறவையை வெச்சிருங்க. நாலு வண்டி, எட்டுக் கதவு. அப்புறம் தெருவோரம் நட அறுபது பலகை. மத்தியானம் வரேன், மாதிரி ஒண்ணு மட்டும் காட்டுங்க."

ராய்ஸ் கம்ப்யூட்டரைத் திறந்தான். ஆரஞ்சுப் படத்துக்குக் கீழே 'உங்கள் ஊர்க் கூரைக்காரர்கள், 1974 முதல் இங்கேயே' என்று இருந்தது. அதற்கு முந்தைய வருஷம் டெக்ஸாஸில் நட்சத்திரப் படத்தோடு செய்து கொடுத்ததும் பக்கத்திலேயே இருந்தது. அதே போன் நம்பர். வேலை சுலபம் என்று சந்தோஷமாக, ஏணியிலிருந்து இறங்கி வந்தவரிடம் சொன்னான்.

ஆல்சீட் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஃப்ளோரிடாவுலயும் 1974-லேர்ந்து இருக்கான். இங்கயும் 1974-லேர்ந்து இருக்கானா?"

"டெக்ஸாஸ்லயும்தான்" என்றான் ராய்ஸ். சொன்ன பிறகுதான் அது அவன் காதிலேயே விழுந்தது.

"அந்தாளுக்கு என்ன வயசு இருக்கும், மாப்ளே?"

"முப்பது இருக்கும். அதுக்கென்ன இப்போ? எழுதச் சொன்னா எழுதறதுதானே மச்சான் நம்ம வேலை? போன வாரம் ஒரு பல் டாக்டருக்கு வலிக்கவே வலிக்காதுன்னு எழுதிக் குடுத்தீங்க. போய்ப் பல்லைப் புடுங்கிப் பாத்தீங்களா?"

ஆல்சீட் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு மிஸ் எர்லினின் தார்ப்பாயைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சரி, எழுது. நல்லாவே எழுது. மூணையும் எழுது."

"எந்த மூணு?"

"நட்சத்திரம் ஒண்ணு, ஆரஞ்சு ஒண்ணு, பெலிக்கன் ஒண்ணு. வாடிக்கைக்காரருக்கு மாதிரி காட்ட வேணாமா?"

ராய்ஸ் முணுமுணுத்துக்கொண்டேதான் வெட்டினான். ஆனாலும் ஓரம் பிசகாமல் வெட்டினான். மூன்றையும் டிரெய்லரின் பக்கவாட்டில் வரிசையாக ஒட்டினார்கள். சாப்பாட்டு வரிசை நேர் எதிரே நிற்கும்.

மத்தியானம் மின்கம்பம் நடுகிறவர்களும் அக்கம்பக்கத்துக்காரர்களும் தட்டோடு நின்றார்கள். அன்றைக்கு இறாலும் வெண்டைக்காயும் போட்ட கம்போக் குழம்பு. வரிசை நகர நகர ஒவ்வொருவரும் அந்த மூன்றையும் படித்தார்கள். மிஸ் எர்லின் கரண்டியைப் பிடித்தபடியே, உதடு அசைய, முதலிலிருந்து கடைசி வரைக்கும் படித்தாள். பிறகு திரும்ப ஒருமுறை படித்தாள். ஏப்ரன் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். காசோலை அதற்குள்தான் இருந்தது.

வெள்ளை வண்டி வந்து நின்றது. அவன் தகடுகளைப் பார்த்தான், பிறகு வரிசையைப் பார்த்தான். வண்டிப் பக்கமே திரும்பினான்.

"எங்க போறே, ராசா?" என்றாள் மிஸ் எர்லின். "மேடத்துக்கு ஒரு வணக்கம்கூட இல்லையா? சாப்பிட்டுப் போ. அடுத்த ஸ்டேட் வரைக்கும் வழியில கடை கிடையாது."

வரிசையில் யாரோ முதலில் செருமினார்கள். அப்புறம் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவள் தட்டு நிறையச் சோறு வைத்து நீட்டினாள். அவன் என்ன செய்வதென்று தெரியாமல் வாங்கிக்கொண்டான். அதற்கு உண்டான காசையும் அவள் கறாராகக் கேட்டு வாங்கிக்கொண்டாள். வண்டி போன பிறகு, "அந்தத் தட்டு என்னோடது" என்றாள். "போனாப் போகுது."

"அறுபது பலகை" என்றான் ராய்ஸ். "எட்டுக் கதவு. எல்லாம் போச்சு."

"கம்போ ஆறுது பாரு" என்றார் ஆல்சீட்.

அன்று சாயங்காலமே அவர் வில்மருக்குப் போன் போட்டார். வில்மர் ஹோண்டுராஸ்காரன். புயலுக்குப் புயல் பக்கத்தில் டிரெய்லர் போட்டவன். அவனுடைய வண்டியில் ஓர் எழுத்துகூடக் கிடையாது. ஆனால் அவனுக்கு எத்தனை பிள்ளைகள், எந்த ஊரில் எந்தக் கூரை போட்டான், எது ஒழுகி மறுபடி போய்ச் சரிசெய்தான் என்பதெல்லாம் கேட்டுக் கேட்டு ஆல்சீட்டுக்கு அத்துப்படி. வில்மர் ஆட்களோடு வந்து கூரையைப் போட்டு முடித்துவிட்டுத்தான் பணம் வாங்கினான். அதுவரை மச்சானும் மச்சினனும் மூன்று வேளையும் மிஸ் எர்லினிடம்தான் சாப்பிட்டார்கள். ராய்ஸ் இரண்டு சுற்று பெருத்தான். மனத்தாங்கலை மட்டும் விடவில்லை. அறுபது பலகை அறுபது பலகைதான்.

அதற்குப் பிறகு இரண்டு புயல் பருவம்தான் ஆல்சீட்டால் வர முடிந்தது. முட்டியோடு இதயமும் சேர்ந்துகொண்டது. கடைசி மாசம் வீட்டில் ஜன்னலோரக் கட்டிலில் படுத்தபடி, டிவியில் வானிலை பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி வெர்னா உப்பில்லாமல் சமைத்துப்போட்டதுதான் அவருக்கு ஒரே வருத்தம். ராய்ஸ் தனியாகப் போய் வந்த கதையைச் சொன்னான்.

"ஒரு கேள்வி கேக்கல மச்சான். வேலை மளமளன்னு முடிஞ்சுது."

"முடியும் முடியும்" என்று சிரித்தார். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு அவனைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"பாயூ லாகூர் ஒரு தடவை போய்ட்டு வா, மாப்ளே. வெயில்ல போகாதே. நல்லாக் கொட்டற மழை நாளாப் பாத்துப் போ. மிஸ் எர்லின் கடையில நடு மேஜையில உக்காந்து, நிதானமா ரெண்டு தட்டு சாப்பிடு. தலையில ஒரு சொட்டு விழுந்தாலும் வில்மருக்குப் போன் போடு."