பந்தோடு நடக்கும் கோடு

எங்கள் வம்சத்திலேயே முதல் பட்டதாரி நான். ரக்பி லீக்கின் ஆஃப்சைடு விதியை அக்காவுக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுத்தவனும் நானேதான்.

அக்கா மைதானத்தில் கோடு போடுபவள். சுண்ணாம்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு, பத்து மீட்டருக்கு ஒரு கோடு; பதினோரு வருடமாக இதே வேலை. எட்டாவதோடு படிப்பை விட்டவளுக்கு லைன் நடுவராகக் கொடி பிடிக்க வேண்டும் என்று வைராக்கியம். தேர்வுக்குப் பெயர் கொடுத்தபோது கிளப் செயலாளர் சிரித்தார்.

"ஏம்மா, கோடு போடுறவ கொடி பிடிச்சா, கேட் திறக்கிறவன் விசில் ஊதுவானா?"

அன்று மாலையே விதிப் புத்தகத்தோடு உட்கார்ந்தோம். தரையில் துணிக் கிளிப்புகளை ஆட்களாக நிறுத்தி, "எதிரணியோட கடைசி ஆளைத் தாண்டி நின்னா ஆஃப்சைடு" என்றேன், பட்டம் வாங்கிய குரலில்.

"அது ஃபுட்பால்டா! இங்க நம்ம ஆளு உதைக்கிறப்ப அவனுக்கு முன்னால நின்னா ஆஃப்சைடு. அவன் ஓடிவந்து நம்மளைத் தாண்டணும், இல்ல நாம பின்னால போகணும். அதுவரைக்கும் பந்துல கை வைக்கக் கூடாது." கிளிப்புகளை மாற்றி வைத்தாள். "நான் போடுற கோடு போட்ட இடத்துல கிடக்கும். இந்தக் கோடு பந்தோடயே நடக்கும். காலேஜ்ல என்னதான்டா சொல்லிக்குடுத்தாங்க?"

விதிப் புத்தகத்தை அவள் பக்கம் நகர்த்தினேன்.

எழுத்துத் தேர்வில் தேறினாள். இனி ஒரு பயிற்சி ஆட்டத்தில் கொடி பிடித்து, செயலாளரிடம் கையெழுத்து வாங்கினால் போதும். அந்த ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில், தன் அணிக்காரன் உதைத்த பந்தைச் செயலாளரின் மருமகன் பிடித்து, எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் தரையில் அழுத்தினான்; அப்படி அழுத்தினால் புள்ளி. கூட்டம் குதித்தது. அக்காவின் கொடி மட்டும் மேலே நின்றது.

"உதைக்கிறப்ப ரெண்டு எட்டு முன்னால இருந்தாரு" என்றாள் நடுவரிடம். புள்ளி போயிற்று.

செயலாளர் பாய்ந்து வந்தார். "யாருன்னு தெரிஞ்சுதான் தூக்குனியா?"

"காலைத்தான் சார் பார்த்தேன். மூஞ்சியைப் பார்க்கிறது என் வேலை இல்ல."

"கையெழுத்து கிடையாது. போய்க் கோடு போடு!"

அடுத்த சனிக்கிழமை இரண்டு அணிகளும் வந்து நின்றன. மைதானத்தில் ஒரு கோடுகூட இல்லை. காலி சுண்ணாம்பு டின்னைக் கவிழ்த்து, கால்மேல் கால் போட்டு அதில் உட்கார்ந்திருந்தாள் அக்கா.

"என்னம்மா இது?" என்றார் செயலாளர்.

"யாரு முன்னால, யாரு பின்னாலன்னு உங்களுக்குத்தான் கோடு இல்லாமலே தெரியுதே சார்."

ஆத்திரத்தில் அவரே வண்டியைத் தள்ளினார். கோடு பாம்பாய் நெளிந்தது. இருபத்தாறு ஆட்டக்காரர்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், மருமகனும்தான். நடுவர் அக்காவின் தேர்வுத் தாளையும் பேனாவையும் அவரிடம் நீட்டினார். முகத்தைத் திருப்பிக்கொண்டே செயலாளர் கையெழுத்துப் போட்டார்.

அக்கா தாளை வாங்கி மேலும் கீழும் பார்த்தாள்.

"தேதி போடலையே சார்."

போட்டார். அதற்குப் பிறகுதான் டின்னை விட்டு எழுந்தாள்.