ஊர், ஆள் பெயர்கள் மாற்றப்பட்டுள்ளன

எழுபதுகளின் நடுவில் சமூகவியல் ஆராய்ச்சிக்காகக் கேரள எல்லையோரத் தமிழ் ஊரான பெருமாட்டிக்குக் கிளம்பியபோது, ஊரில் மதிப்புள்ள ஒரு குடும்பத்தோடு தங்கு என்று என் பேராசிரியர் விதி சொல்லி அனுப்பினார். மகராசன், அவருக்கென்ன, கோயமுத்தூரில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து சொல்லிவிட்டார். நான் தங்கியது ஊரின் பாதித் தென்னந்தோப்புக்குச் சொந்தக்காரர் வீட்டில். கேட்டு எழுத வந்ததோ, அதே தோப்புக்குள் குடிசை போட்டிருந்த கூலிக்காரர்களின் வாழ்க்கையை.

அப்போது கேரளத்தில் சட்டம் மாறி, குடிசையில் இருப்பவர் அது நிற்கும் மண்ணைத் தன் பெயருக்குக் கேட்கலாம் என்று ஆகியிருந்தது. வாய்க்கால் ஓரத்துக் குடிசைக்காரி ஒருத்தி மனுப் போட்டிருந்தாள். அந்தத் தோப்பில் துணிந்து போட்டது அவள் ஒருத்திதான். "விசாரணை வரைக்கும் ஊடு நிக்கோணுமுங்க டீச்சர். நின்னாப் போதுமுங்க" என்பாள். நோட்டும் பேனாவுமாக வருகிற பெண்கள் எல்லோரும் அங்கே டீச்சர்தான்.

பெரிய வீட்டிலிருந்து யார் போனாலும் குடிசைக்காரர்கள் தங்கள் டம்ளரில் தண்ணீர் தரமாட்டார்கள். தரக் கூடாது என்பது வழக்கம். பக்கத்து மரத்தில் ஓர் இளநீர் இறக்கி வெட்டித் தருவார்கள். விருந்தாளிக்கு என்றால் மட்டும் அவர்கள் அந்த மரத்தில் கை வைக்கலாம். நானும் மரியாதை என்று நினைத்துக் குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் சாயங்காலம் காப்பி குடிக்கும்போது வீட்டுக்காரர் சிரித்தபடி கேட்டார்.

"ஏனுங் அம்மிணி, வாய்க்கால் ஊட்டுல இன்னைக்கு ரெண்டு எளநி குடிச்சீங்களாமா? மத்த ஊட்டுலயெல்லாம் ஒண்ணோட எந்திரிச்சுக்கறீங்க. அங்க மட்டும் அப்பிடி என்னங்க பேச்சு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் யாரோடு எவ்வளவு நேரம் உட்கார்ந்தேன் என்பதை குடிசை வாசலில் கிடந்த இளநீர் மட்டைகள் தினமும் அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கின்றன. பேட்டி எடுப்பது எப்படி என்று அத்தனை புத்தகம் படித்தேனே, ஒன்றிலாவது இதைப் பற்றி ஒரு வரி உண்டா?

மறுநாள் அவளிடம் இளநீர் வேண்டாம், தண்ணீர் கொடுங்கள் என்றேன். "வேண்டாமுங்க டீச்சர், வம்பாயிருமுங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு வீம்பு. நானே பானையில் மொண்டு குடித்தேன். அன்று மாலையே பெரிய வீட்டில் எனக்குத் தனி டம்ளர் வந்துவிட்டது. சோறு மட்டும் முன்னைவிட அதிகமாகப் போட்டார்கள். "கூச்சப்படாமச் சாப்பிடுங்க அம்மிணி" என்று அவர் ஒவ்வொரு வேளையும் சொல்வார்.

ஊரைவிட்டு வந்து ஆய்வேட்டை எழுத உட்கார்ந்ததும் பேராசிரியரின் அடுத்த விதி: யாரையும் அடையாளம் தெரியக் கூடாது. நல்ல விதிதான், இன்றைக்கும் மறுக்க மாட்டேன். ஊருக்கு வேறு பெயர் வைத்தேன். வாய்க்காலை ஏரியாக்கினேன். தென்னந்தோப்பைக் கரும்புக்காடாக்கினேன். புருஷனோடு இருந்தவளை விதவையாக்கினேன். ஊர், ஆள் பெயர்கள் மாற்றப்பட்டுள்ளன என்று முதல் பக்கத்தில் ஒரு வரியும் சேர்த்தேன். தங்கியிருந்த வீட்டுக்கு ஒரு பிரதி அனுப்புவதுதான் பண்பு என்றார் பேராசிரியர். அதையும் அனுப்பித் தொலைத்தேன்.

விசாரணைக்குக் கொஞ்சம் முன்னால் குடிசை விழுந்தது. மழையில் விழுந்ததாக ஊரில் பேச்சு. மழையாம், மழை! தூறலோடு போய்விடுகிற பெருமாட்டி மழை எனக்குத் தெரியாதா? பெருமாட்டிக்குப் பக்கத்துச் சித்தூரில் நில வழக்கு விசாரித்த இடத்திலோ, வாய்க்கால் ஓரத்தில் குடிசையே இருந்ததில்லை என்று வீட்டுக்காரர் தரப்பில் சொன்னார்கள். அக்கம்பக்கத்துக் குடிசைக்காரர்கள் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அவள் சொல்லியனுப்ப, நான் சாட்சிக்குப் போனேன். அந்தக் குடிசைக்குள் உட்கார்ந்து பேசியிருக்கிறேன், தண்ணீர் குடித்திருக்கிறேன் என்று அடித்துச் சொன்னேன்.

வீட்டுக்காரரின் வக்கீல் என் ஆய்வேட்டை எடுத்து நீட்டினார். மலையாளத்தில் பொறுமையாகக் கேட்டார். இது நீங்கள் எழுதியதுதானே? இதில் பெருமாட்டி எங்கே? வாய்க்கால் எங்கே? இவளுடைய புருஷன் இதோ நிற்கிறானே, உங்கள் விதவை யார்?

அவளைக் காப்பாற்றத்தான் மாற்றி எழுதினேன் என்றேன்.

"யாரிடமிருந்து?" என்றார் வக்கீல்.

எல்லோரும் சிரித்தார்கள். வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து கைகூப்பினார். "அம்மிணி எங்க ஊட்டு விருந்தாளிங்க. பொய் சொல்ல மாட்டாங்க. அவங்க எழுதுனத மட்டும் பாத்தாப் போதுமுங்க." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மனுவைத் தள்ளிவிட்டார்கள்.

வெளியே அவள் புருஷனோடு வெயிலில் நின்றிருந்தாள். அழவில்லை, என்னைத் திட்டவுமில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இனிமேல் எங்கே போய் இருப்பீர்கள் என்று கேட்டேன்.

"எழுத மாட்டீங்கன்னாச் சொல்றேனுங்க."

சொன்னாள். நான் எழுதவில்லை.