பெலிம்பிங் என்று எழுதவும்

விளம்பரத்தை எழுதி முடித்ததும் நவமணி எழுந்து நின்றுகொள்வார். உட்கார்ந்தபடி படித்தால் பிழை கண்ணுக்குத் தட்டுப்படாது என்பது அவருடைய நம்பிக்கை. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தாளைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, வாய்விட்டுப் படிப்பார். மூச்சு முட்டுகிற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. அந்த வாக்கியம் இரண்டாக உடைக்கப்படும். ‘நல்ல’, ‘சிறந்த’, ‘தரமான’ என்று ஏதாவது வந்துவிட்டால் அதன் தலையில் ஒரு வட்டம்.

“நல்லன்னா என்னா? எனக்கு நல்லது ஒனக்கு நல்லதா? எத்தன பக்கம், எத்தன நாளு, யாரு படிக்கப் போறா, அத சொல்லு” என்பார், எதிரில் யாரும் இல்லாவிட்டாலும்.

பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய கடைவீட்டின் மேல்மாடியில் இயங்கும் டயாலிசிஸ் மையம் அது. சிறுநீரகம் கைவிட்டவர்கள் வாரத்துக்கு மூன்று நாள் வந்து நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு கிடந்து போவார்கள். பதினாறு நாற்காலி, நன்கொடையில் ஓடுகிற இடம். நவமணி முன்மேசைக் குமாஸ்தா. வயது ஐம்பத்துமூன்று. பாகான் டாலாமிலிருந்து தினமும் ஃபெர்ரி ஏறி வருகிறார். குளிர்சாதனத்துக்குப் பயந்து ஆண்டு முழுக்கச் சேலைக்கு மேல் ஒரே ஊதா ஸ்வெட்டர். பத்து மணிக்குப் பால் சேர்க்காத தே ஓவில் கிரீம் கிராக்கர் நனைத்துச் சாப்பிடுவார். மூன்று நொடிக்கு மேல் நனைத்தால் பிஸ்கட் முறிந்து உள்ளே விழும் என்பதால் மனத்துக்குள் எண்ணுவார்.

சுவரொட்டி வரைய, குறும்படத்துக்கு வசனம் எழுத, தாள்களை மொழிபெயர்க்க என்று மையத்துக்கு அவ்வப்போது ஆள் தேவைப்படும். சம்பளத்துக்கு வைத்துக்கொள்ள வசதி இல்லை. இணையத்தில் விளம்பரம் போட்டுத் தனியாக வேலை எடுத்துச் செய்கிறவர்களைப் பிடிக்க வேண்டும். கணினி நவமணியின் மேசையில் இருந்ததால் அந்தப் பொறுப்பும் அவர் மேசைக்கு வந்து சேர்ந்தது.

முதல் விளம்பரத்தை அவர் ஃபெர்ரியிலேயே, கைப்பேசியில் ஆங்கிலத்தில் தட்டிவிட்டார். ‘தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவை. அவசரம். தரமான வேலை வேண்டும்.’ அக்கரையில் இறங்கி மாடிப்படி ஏறுவதற்குள் முப்பது பதில். மாலைக்குள் தொண்ணூற்று நான்கு. எல்லாமே ஒரே அச்சில் வார்த்தவை போலிருந்தன. யாரை எடுப்பதென்று தெரியாமல், பெயருக்குப் பக்கத்தில் அதிக நட்சத்திரம் வாங்கியிருந்தவரை எடுத்தார்.

அவர் தமிழ்நாட்டுக்காரர். சொன்ன நாளுக்கு ஒரு நாள் முன்னதாகவே அனுப்பிவிட்டார். சிறுநீரக நோயாளிகள் எதைச் சாப்பிடலாம், எதைத் தொடவே கூடாது என்ற பட்டியல். படித்துப் பார்த்த நவமணிக்கு ஒரு சொல் மட்டும் பிடிபடவில்லை. தொடக்கூடாதவை வரிசையில் ‘தமரத்தங்காய்’ என்று இருந்தது. பெரிய படிப்பு படித்தவர், தப்பாக எழுத மாட்டார் என்று நினைத்துக்கொண்டார். பச்சைத் தாளில் இருநூறு பிரதி அச்சாயிற்று.

இரண்டு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை அய்யாக்கண்ணு தன் முறைக்கு வந்தார். அறுபத்தேழு வயது, துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஒரு நாள்கூடத் தாமதமாக வராதவர். அன்று மாடிப்படி ஏறும்போதே விக்கல். நாற்காலியில் சாய்ந்தும் நிற்கவில்லை. தாதி நோர்மா தண்ணீர் கொடுத்தார், முதுகைத் தடவினார். அய்யாக்கண்ணு அவரைப் பார்த்து, “செல்லம்மா, கதவ சாத்து” என்றார். செல்லம்மா இறந்துபோன அவருடைய தங்கை.

நோர்மாவின் முகம் மாறிவிட்டது. கூட வந்த மனைவியிடம் என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். “ஒன்னும் இல்லலா. பக்கத்து வூட்டு மரத்துல பெலிம்பிங் பழம் குடுத்தாங்க. வெயிலுக்கு ஜூஸ் போட்டு ரெண்டு கிளாஸ் குடிச்சாரு.”

நோர்மா ஆம்புலன்ஸுக்கு ஓடினார்.

குறுக்கே வெட்டினால் நட்சத்திரம் போலத் தெரியும் மஞ்சள் பழம் அது. நல்ல சிறுநீரகம் உள்ளவனுக்கு ஒன்றும் செய்யாது. சிறுநீரகம் கெட்டுப்போனவனுக்கு அதன் நஞ்சு மூளைக்கு ஏறும். மொழிபெயர்க்கக் கொடுத்த ஆங்கிலத் தாளில் ‘ஸ்டார் ஃபுரூட்’ என்று முதல் வரியிலேயே இருந்தது. நவமணி பச்சைத் தாளை எடுத்து அதே இடத்தில் விரல் வைத்தார். தமரத்தங்காய்.

அய்யாக்கண்ணு எட்டு நாள் மருத்துவமனையில் இருந்தார். அந்த எட்டு நாளும் நவமணிக்கு ஃபெர்ரியில் உட்காரப் பிடிக்கவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார். திரும்பி வந்த மனிதருக்குச் சட்டை தொளதொளத்தது. புத்திக் குழப்பம் மட்டும் தெளிந்திருந்தது. நவமணி அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

“தாள படிக்கலியாண்ணே?” என்று மட்டும் கேட்டார்.

“எல்லாத்தையும் படிச்சேன் தங்கச்சி. ஒரு எழுத்து வுடல. ஏதோ ஒரு காய் போட்டிருந்துச்சி. அது நம்ம ஊர்ல கெடைக்காதுன்னு வுட்டுட்டேன்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம். அவர் சமாதானம் சொல்வதுபோலச் சொன்னார்.

அன்று மாலையே நவமணி பச்சைத் தாள்களைத் திரும்ப வாங்கத் தொடங்கினார். வந்தவர்களிடம் நேரில் கேட்டார், வராதவர்களுக்குத் தொலைபேசியில் சொன்னார். மொழிபெயர்ப்பாளருக்கும் எழுதினார். அவரிடமிருந்து பணிவாகப் பதில் வந்தது. ‘நடந்ததற்கு வருந்துகிறேன். எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். யார் படிக்கப்போகிறார்கள் என்று நீங்கள் சொல்லவில்லையே, அம்மா.’ நவமணி அதை மூன்று முறை படித்தார். பதிலுக்கு ‘நீங்கள் சொல்வது சரி’ என்று எழுதி அனுப்பினார்.

இரண்டாவது விளம்பரத்துக்கு ஒன்பது நாள் ஆயிற்று. பழைய பணிநேர அட்டவணையின் பின்பக்கத்தில், பென்சிலில். ஆங்கிலத்தில் தொடங்கியதைக் கிழித்துவிட்டுத் தமிழிலேயே எழுதினார். தமிழ் படிக்காமல் தமிழ் வேலை கேட்கிறவர்கள் அப்படியே போய்விடுவார்கள் அல்லவா?

‘இந்தத் தாளைப் படிக்கப்போகிறவர்கள் பினாங்கில் இருக்கிறார்கள். பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்றவர்கள். படிக்கும்போது கையில் ஊசி குத்தியிருக்கும், அதனால் ஒரு கையில்தான் தாளைப் பிடிக்க முடியும். இரண்டு பக்கம், பெரிய எழுத்து. பன்னிரண்டு நாள். இரண்டு முறை திருத்தம் கேட்போம். கீழே பத்து உணவுப் பெயர்கள் உள்ளன. பட்டர்வொர்த் சந்தையில் அவற்றை எப்படிக் கேட்டு வாங்குவீர்கள் என்று எழுதுங்கள். தேர்வாகாவிட்டாலும் இந்தப் பத்துக்கு முப்பது வெள்ளி கூலி உண்டு. ஸ்டார் ஃபுரூட் என்பதைப் பெலிம்பிங் என்று எழுதவும். இதில் மாற்றம் கிடையாது. விண்ணப்பத்தின் முதல் வரியில், நேற்று மதியம் என்ன சாப்பிட்டீர்கள் என்று சொல்லவும்.’

நிர்வாகி இஸ்மாயில் இதைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். “இவ்ளோ நீட்டமா எழுதுனா எவன்மா படிப்பான்?”

“நீட்டமா இருந்தாலும் படிக்கிற ஆளுதான் சார் நமக்கு வேணும்.”

“மத்தியானச் சாப்பாடு எதுக்கு?”

“கடைசி வரைக்கும் படிச்சானா இல்லியான்னு தெரிஞ்சிக்க.”

பதினேழு பதில்கள் வந்தன. பதினோரு பேர் சாப்பாட்டைப் பற்றி மூச்சே விடவில்லை. அவர்களுடைய பதில்களில் முதல் வரிக்கு மேல் நவமணி படிக்கவில்லை. ஒருவர் பிரியாணி என்று எழுதிவிட்டு, பத்துப் பெயரையும் அகராதியிலிருந்து எடுத்து வைத்திருந்தார். கடைசியில் வந்த பதில் இப்படித் தொடங்கியது: ‘பழைய சோறும் நெத்திலி சம்பலும். மணி ரெண்டரை ஆயிடுச்சி.’

எழுதியவர் பெயர் குமுதா. காலையில் புக்கிட் மெர்தாஜாம் சந்தையில் கணவரோடு காய்கறிக் கடை, மதியத்துக்கு மேல் மொழிபெயர்ப்பு. இதுவரை செய்த வேலை இரண்டே இரண்டு. பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம்கூட இல்லை. பத்துப் பெயரையும் கடையில் விற்பதுபோலவே எழுதியிருந்தார். அடியில் ஒரு கேள்வி: ‘பெலிம்பிங்ல ரெண்டு இருக்குக்கா. பழமா திங்கிறது ஒன்னு. சம்பல்ல, மீன் கொழம்புல போடுற புளிப்புக் காய் ஒன்னு, வெரல் நீளத்துக்கு இருக்கும். எத சொல்றீங்க? ரெண்டுமா?’

நவமணி அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு நேரே மருத்துவரிடம் போனார். அவர் பேனாவைக் கீழே வைத்தார். “ரெண்டுமேதான். அந்தக் காயும் கிட்னிக்கு ஆகாது. ரெண்டையும் போடச் சொல்லுங்க.”

திரும்பி வந்த நவமணி தன் விளம்பரத்தை எடுத்து, ‘பெலிம்பிங்’ என்ற சொல்லின் தலையில் ஒரு வட்டம் போட்டார். ஒன்பது நாள் எழுதியதிலும் ஓட்டை இருந்திருக்கிறது.

“நட்சத்திரமே இல்லாத ஆளா இருக்கே” என்றார் இஸ்மாயில்.

“நட்சத்திரம் பாத்துத்தான் சார் போன தடவ எடுத்தேன்.”

இஸ்மாயில் சரியென்று தலையாட்டினார்.

குமுதா அனுப்பிய முதல் வரைவை நவமணி தான் படிக்கவில்லை. அய்யாக்கண்ணுவின் ஊசி குத்தாத கையில் கொடுத்தார். அவர் இயந்திரத்தின் இரைச்சலுக்கு மேலே உரக்கப் படித்தார். இரண்டு நாற்காலி தள்ளியிருந்த கிழவி, “மெதுவா படி, எனக்கும் கேக்கட்டும்” என்றாள். அய்யாக்கண்ணு பாதியில் நிறுத்தி, “இந்தப் பொட்டாசியம் என்னா சாமான் தங்கச்சி? கடையில விக்கிறதா?” என்றார். நவமணி குறித்துக்கொண்டார். படித்து முடித்ததும் அய்யாக்கண்ணு தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “யாரு எழுதுனது? சந்தையில நின்னு சத்தம் போடுற மாதிரி இருக்கு” என்றார். பாராட்டா குறையா என்று அவர் சொல்லவில்லை. ஆனால் தாளைத் திருப்பித் தரவும் இல்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

பொட்டாசியத்துக்கு ஒரு வரி விளக்கம் சேர்ந்தது. இம்முறை தாளின் நிறம் மஞ்சள். அதன் பிறகு இந்த மூன்று ஆண்டில் நவமணி பதினோரு விளம்பரம் எழுதிவிட்டார். நாற்காலியில் இருப்பவர் யாராவது ஒருவர் காதில் விழாமல் எதுவும் வெளியே போவதில்லை. பக்கத்துச் சிகை அலங்காரக் கடைக்காரர்கூட ஒரு முறை தன் விளம்பரத்தோடு மாடி ஏறி வந்தார். ‘அவசரம்’ என்று வந்த இடங்களில் மட்டும் நான்கு வட்டம் வாங்கிக்கொண்டு இறங்கிப் போனார்.

மூன்று ஆண்டுக்கு முன் மஞ்சள் தாள் அச்சாகி வந்த அன்று, வேலை முடிந்ததென்று இணையத்தளம் கேட்டதற்கு நவமணி ஆமென்று அழுத்தினார். குமுதாவின் பெயருக்குப் பக்கத்தில் ஐந்து நட்சத்திரம் வைத்தார். விளம்பரத்தின் மேல் ‘முடிவுற்றது’ என்று சாம்பல் நிறப் பட்டை விழுந்தது. இனி அதை யாரும் திறக்கப்போவதில்லை. அடுத்த ஃபெர்ரிக்கு நேரமாகிவிட்டதென்று நோர்மா படியிலிருந்து குரல் கொடுத்தார். நவமணி ஒரு கையில் பையை மாட்டிக்கொண்டே இன்னொரு கையால் அந்த விளம்பரத்தைத் திறந்தார். பெலிம்பிங் என்ற சொல்லுக்குப் பின்னால் இடம் விட்டு, ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தேடி, ‘பழமும், சம்பலில் போடும் புளிப்புக் காயும், இரண்டும்’ என்று சேர்த்துவிட்டுக் கணினியை அணைத்தார்.