கவுஸ் திருப்பிக் காட்டாத சிக்னல்

நிரஞ்சன் வேலைக்குச் சேர்ந்த அன்று நான் சூப்பர்வைசரிடம் சொன்னது இதுதான்: "சார், அந்தாளு கை காட்னா நான் லோடு தூக்க மாட்டேன்."

சென்னை சாத்தாங்காட்டில் ஒரு இரும்பு யார்டில் நான் கிரேன் ஆபரேட்டராக இருந்தேன். போன வருடம்தான் ஓய்வு பெற்றேன். ஆபரேட்டர் மேலே கேபினில் இருப்பான். கீழே நிற்கும் சிக்னல்மேனின் கையைப் பார்த்துத்தான் எல்லாம் செய்வான். விரலை மேலே சுழற்றினால் தூக்கு, கீழே சுழற்றினால் இறக்கு, இரண்டு கையையும் விரித்தால் நிறுத்து. பதினெட்டு வருடமாக எனக்குக் கை காட்டியவர் ராயபுரம் கவுஸ். அவர் மூக்கைச் சொறிந்தால்கூட எனக்கு அர்த்தம் புரியும்.

நிரஞ்சன் ஒடிசாக்காரர். நாற்பதைத் தாண்டியவர், அவர் ஊர்ப் பக்கத்துத் துறைமுகத்தில் இதே வேலையைப் பல வருடம் பார்த்தவர். அதையெல்லாம் நான் விசாரிக்கவில்லை. 'இந்திக்காரன்' என்று பெயர் வைத்துவிட்டேன்.

"நான் இந்தி இல்லே அண்ணா, ஒடியா" என்று திருத்தினார்.

"ரெண்டும் ஒன்னுதான், போ" என்றேன்.

இத்தனைக்கும் என் முதல் இன்டர்வியூவில் நான் மெட்ராஸ் பாஷையில் "இன்னா சார்" என்றதற்கு மூன்று அதிகாரிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அதை நெஞ்சில் வைத்துக்கொண்டேதான் நிரஞ்சனின் தமிழைக் கேட்டுச் சிரித்தேன். என் புத்தி அப்படி.

சூப்பர்வைசர் ஒரு வழி கண்டுபிடித்தார். நிரஞ்சன் கை காட்டுவார். அதைப் பார்த்து கவுஸ் திருப்பிக் காட்டுவார். அப்புறம்தான் நான் லீவரைத் தொடுவேன். வேறு எந்த யார்டிலும் இப்படி ஒரு கூத்து நடந்திருக்காது.

"இன்னா மாமு, அவன் கைலயும் அஞ்சு வெரலு, என் கைலயும் அஞ்சு வெரலு. எது உன் கண்ணுக்கு ராங்கா தெரீது?" என்பார் கவுஸ்.

"பழக்கமில்ல பா" என்று மழுப்புவேன். ஒரு மாதம் இப்படியே ஓடியது.

ஒரு நாள் காலை மூன்று டன் கம்பிக் கட்டு ஒன்றை இறக்கிக்கொண்டிருந்தேன். 'இறக்கு' என்று காட்டிய கவுஸ், அடியில் போட்டிருந்த மரக்கட்டை கோணலாக இருப்பதைப் பார்த்துவிட்டு, அதை நேராக்க சட்டென்று குனிந்து உள்ளே போய்விட்டார். கட்டு மறைத்ததால் எனக்கு அது தெரியவில்லை. எதிர்ப்பக்கம் நின்ற நிரஞ்சனுக்குத் தெரிந்தது. இரண்டு கையையும் விரித்தார்.

'நிறுத்து' என்று யார் காட்டினாலும் நிறுத்த வேண்டும். டிரெயினிங்கில் சொல்லித்தரும் முதல் பாடமே அதுதான். நானோ வழக்கம்போல், கவுஸ் திருப்பிக் காட்டட்டும் என்று அவரைத் தேடினேன். கவுஸைக் காணோம். கட்டு இறங்கிக்கொண்டே இருந்தது. ஆளைக் காணோம் என்றால் ஆள் அடியில் இருக்கிறார் என்பது என் மண்டையில் உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. நிறுத்தினேன்.

அதற்குள் நிரஞ்சன் பாய்ந்து கவுஸின் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டிருந்தார். கட்டு நின்றது முழங்கால் உயரத்தில்.

ஏணியில் இறங்கி ஓடினேன். நிரஞ்சன் என் முகத்துக்கு நேரே வந்து ஒடியாவில் திட்டினார். எனக்கு ஒரு வார்த்தைகூடத் தெரியாது. ஆனாலும் ஒன்றுவிடாமல் புரிந்தது.

கிழிந்த சட்டையோடு தரையில் உட்கார்ந்திருந்த கவுஸ் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இன்னா மாமு, இதையும் நான் திருப்பிச் சொல்லணுமா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "வேணாம் பா" என்றேன். நிரஞ்சனின் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சுக்க நிரஞ்சன்" என்றேன். அன்றுதான் முதல் தடவையாக அவர் பெயரைச் சொன்னேன்.

மறுநாள் நிரஞ்சன் கை காட்டினார், நான் தூக்கினேன். பாதி வேலை குறைந்துவிட்டது என்று கவுஸ் டீ குடிக்கப் போய்விட்டார்.

புதிதாகக் கேபின் ஏறுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கையைப் பாருங்கள், அது போதும். எந்த ஊர்க் கை என்று நான் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் கவுஸ் செத்திருப்பார்.