கம்பெனி பஸ்ஸில் வந்த அண்ணி

போன வாரம் கம்பெனி பஸ்ஸில் எனக்குப் பக்கத்து சீட்டில் ஒரு பெண், புதிதாகச் சேர்ந்த இன்ஜினியர், போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வீடியோ கேம் ஆடிக்கொண்டிருந்தாள். அடுத்தவர் போனை எட்டிப் பார்ப்பது தப்புதான். ஆனால் கும்மிடிப்பூண்டியிலிருந்து தேர்வாய் கண்டிகை போகிற வழியில் பார்க்க வேறென்ன இருக்கிறது, லாரிக்குப் பின்னால் லாரி. அவள் திரையில் ஒரு கோட்டை. கோட்டை வாசலில் வாளோடு ஒரு பெண் நின்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இவளை எனக்குத் தெரியும்! நெற்றியோரம் ஒரு கொத்து நரை இருக்க வேண்டுமே என்று தேடினேன். இல்லை. கன்னத்துத் தழும்பையும் காணோம். புதுப் பாகத்தில் மழமழவென்று ஆக்கிவிட்டார்கள்.

"இவங்களுக்கு நரை இருக்குமே?" என்று கேட்டுவிட்டேன்.

அந்தப் பெண் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி, "ஆன்ட்டி, நீங்க கேம் ஆடுவீங்களா?" என்றாள். பாவம், நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள். வாழ்நாளில் நான் ஒரு கேமும் ஆடியதில்லை. பாம்பு ஆப்பிள் தின்கிற கேமிலேயே தோற்றவள் நான். நரைமுடிக்காரியை எனக்குத் தெரியவைத்தது ஸ்டெல்லா.

ரப்பர் வாடை வந்தால் எனக்கு ஸ்டெல்லா ஞாபகம்தான் வரும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நாங்கள் இருவரும் ஒரே லைன். கார் கதவுக்கு வைக்கிற ரப்பர் பட்டையை விரலால் தடவித் தடவி, பிசிறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எத்தனை சோப்புப் போட்டாலும் கையில் அந்த வாடை போகாது. சோற்றைப் பிசைந்தால் சோற்றிலும் இருக்கும். அவள் அப்பா அம்மா கவரைப்பேட்டைப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் அறுப்பு அறுத்தவர்கள். அண்ணன் வெல்டராக வளைகுடாவுக்குப் போயிருந்தார். அவர் விட்டுப்போன கம்ப்யூட்டரில்தான் ஸ்டெல்லா அந்த கேமைப் பிடித்துக்கொண்டாள். பாகம் பாகமாக வந்துகொண்டே இருக்கிற கேம் அது.

கதை இதுதான். கோட்டைத் தலைவிக்கு நாற்பதை நெருங்கும் வயது. புருஷன் போருக்குப் போனவன் வரவில்லை. இவள் வாசலைக் காக்கிறாள். காயத்துக்குத் தையல் போட ஒரு வைத்தியர் வருகிறார். இரண்டு வார்த்தை பேசுவார்கள், ஒரு பார்வை பார்ப்பார்கள், அடுத்த சண்டை தொடங்கிவிடும். எல்லாப் பாகத்திலும் அப்படியே. ஸ்டெல்லாவுக்கு அது பொறுக்கவில்லை.

"சண்டன்னா மணிக்கணக்கா காட்றான். அவ ஒரு நாளு சந்தோசமா இருக்கறத காட்ட மாட்றான், பாரேன்" என்பாள்.

அதனால் அவளே காட்டினாள். கேமில் வருகிறவர்களை வைத்து ரசிகர்கள் கதை எழுதுகிற தளம் ஒன்று இருந்தது. அதில் தமிழில் எழுதியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். ஸ்டெல்லாவின் கதைக்கு மேலே 'வயது வந்தோருக்கு மட்டும்' என்று இருக்கும். முதல் அத்தியாயம் படித்தபோது என் காது மடல் சூடானது. உங்களிடம் சொல்வதற்கென்ன, மறுபடியும் படித்தேன். அசிங்கமாக ஒன்றும் தோன்றவில்லை. நாளெல்லாம் நின்று கால் வீங்கிய ஒருத்தியின் உடம்பை ஒருவன் மரியாதையாகத் தொடுகிறான். அதை அவள் தலை குனியாமல் ஏற்றுக்கொள்கிறாள். எங்கள் லைனில் நின்ற அத்தனை பேருக்கும் கால் வீங்கத்தான் செய்தது. அதைப் பற்றி யாரும் அதுவரை எழுதி நான் படித்ததில்லை.

கம்பெனி வாசலில் போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஆகவே ஷிப்ட் முழுக்க மனசுக்குள் கதை கட்டுவாள், திரும்பும்போது பஸ்ஸில் என்னிடம் சொல்லிப் பார்ப்பாள், வீட்டுக்குப் போய் எழுதுவாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டால் அந்த இடத்தை வெட்டிவிடுவாள். சூடான பகுதிகளை மட்டும் "அதெல்லாம் ஊட்ல எழுதிக்கிறேன்" என்று தாண்டிவிடுவாள். மற்றதெல்லாம் கேட்க நம் தெருவில் நடந்த மாதிரியே இருக்கும். புருஷன் வரவில்லை, வைத்தியர் வருகிறார், அவள் அவருக்குக் கஞ்சி வைக்கிறாள்.

முன் சீட்டில் கேன்டீன் கந்தா அக்கா. ஒருநாள் திரும்பி, "யாரும்மா அந்தப் பொண்ணு? டெய்லி பேசிக்கினு வரீங்களே" என்றார். ஸ்டெல்லாவுக்கு வியர்த்துவிட்டது. கேமைச் சொன்னால் கதையைச் சொல்ல வேண்டும், கதையைச் சொன்னால் மானம் போகும். வாயில் வந்ததைச் சொன்னாள்.

"எங்க அண்ணிக்கா."

அவளுக்கு இருந்தது ஒரே அண்ணி, அமலா. புருஷன் வெளிநாட்டில். சர்ச் பாட்டுக் குழுவில் பாடுகிறவர், அதிர்ந்து பேசத் தெரியாதவர்.

அதன்பிறகு கந்தா அக்கா தினமும் விசாரித்தார். "அண்ணிக்கு ஜொரம் உட்டுச்சா? அந்த டாக்டரு வந்தாரா?" பின் சீட்டுப் பெண்களும் காது கொடுத்தார்கள். எனக்குச் சிரிப்பாக இருந்தது. ஸ்டெல்லாவுக்கு உள்ளூரப் பெருமைதான், இத்தனை பேர் கேட்கிறார்களே என்று.

கந்தா அக்கா நல்ல மனுஷி. அதுதான் வினையாகப் போயிற்று. ஸ்டெல்லாவின் ஊரிலேயே வாழ்க்கைப்பட்டிருந்த தன் தம்பி மகளிடம், "அந்தப் பொண்ணு தனியா கஷ்டப்படுது, ஒரு எட்டு பாத்துட்டு வா" என்று சொல்லியிருக்கிறார். கூடவே டாக்டர் விஷயத்தையும். அமலா அண்ணி இரத்தக் கொதிப்புக்கு அங்கிருந்த கிளினிக்குக்குப் போய்வருகிறவர். வேறென்ன வேண்டும்? ஊர் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பேசியது. பாட்டுக் குழுவில் அவர் பக்கத்தில் நிற்க ஆளில்லை. வளைகுடாவிலிருந்து போன் வருவது நின்றது. அண்ணி சாப்பாட்டைத் தொடாமல் அம்மா வீட்டுக்குக் கிளம்பத் துணி மடித்துக்கொண்டிருந்தார். எங்கிருந்து வந்த பேச்சு என்று அவருக்குத் தெரியாது. ஸ்டெல்லாவுக்குத் தெரிந்தது.

மறுநாள் மாலை பஸ் கிளம்பியதும் அவள் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கொஞ்சம் கேளுங்க. எங்க அண்ணி ஒண்ணும் பண்ணல. நான் சொல்லிக்கினு வந்தது கேம்ல வர்ற ஒருத்தி கத. அத்த எழுதனது நானு. அசிங்கம்னா அது என்னுது."

யாரும் நம்பவில்லை. அண்ணியைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள் என்றார்கள். போனைத் திறந்து கொடுத்தாள். அது சீட்டு சீட்டாகக் கைமாறிப் போயிற்று. ஒருத்தி உரக்கப் படிக்க ஆரம்பித்து இரண்டாவது வரியில் நிறுத்திக்கொண்டாள். "கல்யாணம் ஆவாத பொண்ணு எழுதற எழுத்தா இது?" என்றது ஒரு குரல். ஸ்டெல்லா உட்காரவே இல்லை. கந்தா அக்கா கைக்குப் போனதும் அவர் எழுத்துக்கூட்டி, உதடு அசைய, இறங்குகிற இடம் வரைக்கும் படித்தார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கினார். மறுநாளே ஸ்டெல்லாவின் ஊருக்குப் போய், தெருவே கேட்க அமலா அண்ணியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார்.

அண்ணியின் பெயர் திரும்பி வந்தது. போனும் வந்தது. அண்ணன் தங்கையிடம் ஒன்றைத்தான் சொன்னார், எல்லாவற்றையும் அழித்துவிடு என்று. பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்துதான் அழித்தாள். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் 'நிச்சயமாகவா?' என்று கேட்டது. ஒவ்வொன்றுக்கும் 'ஆம்' என்று அமுக்கினாள். யாழ்ப்பாணத்து வாசகி ஒருவர் நீளநீளமாக எழுதிய கருத்துகளும் அதோடு போயின. எனக்கு அழுகை வந்தது. அவள் அழவில்லை.

கடைசி அத்தியாயத்தை அவள் எழுதியிருக்கவில்லை. கதை நின்ற இடத்தில், புருஷன் போரிலிருந்து திரும்பி வந்து கதவுக்கு வெளியே நிற்கிறான். வைத்தியர் உள்ளே இருக்கிறார். தலைவியின் கை தாழ்ப்பாளில் இருக்கிறது. "திங்கக்கெழம சொல்றேன்" என்றிருந்தாள்.

ஸ்டெல்லா இப்போது கல்யாணமாகி ஓசூரில். ஒருமுறை போனில் முடிவைக் கேட்டேன். "எழுதியிருந்தாதானடி எனக்கே தெரிஞ்சிருக்கும்" என்றாள். அந்தத் தளமும் இன்று இல்லை. பஸ்ஸுக்கு ஏசி வந்துவிட்டது. எல்லோர் காதிலும் ஏதோ மாட்டியிருக்கிறது, முன் சீட்டு திரும்பிப் பார்ப்பதில்லை.

நரைமுடிக்காரியைப் பார்த்த அன்று மாலை, வேலையை விட்டு வீட்டோடு இருக்கிற கந்தா அக்காவைப் பார்க்கப் போனேன். விஷயத்தைச் சொன்னேன்.

"யாரு, அண்ணியா?" என்று நிமிர்ந்தார். கேம் என்று தெரிந்தும் அவருக்கு இன்னமும் அண்ணிதான். "எப்டி கீறா?"

"நர இல்லக்கா. தழும்பு இல்ல."

"அப்ப அது வேற யாரோ" என்றார். பிறகு கேட்டார். "கடசில கதவத் தொறந்தாளாம்மா?"

"தெரிலக்கா. ஸ்டெல்லா எழுதல."

"அப்ப அவ இன்னும் தாப்பா மேல கைய வெச்சிக்கினு அங்கியேதான் நிக்கிறாளா?"

"ஆமாங்க்கா" என்றேன்.